இடது பக்கம் தட்டியவன்

வலது தோள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வலிக்கும். மற்ற ஆறு நாளும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டே இருப்பதால் அதற்கு வலிக்க நேரம் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, வயிற்றுக்குள் நாலு தஅமிய்யா வடை போய், பய்யூமியின் காபிக் கடை நாற்காலியில் சாய்ந்த பிறகு ஆரம்பிக்கும். எலும்புக்குள் யாரோ ஸ்க்ரூ டிரைவரை விட்டு நிதானமாகத் திருப்புகிற மாதிரி இருக்கும். ஸின்ஹும் அப்போது டீ கிளாஸை இடது கையால் எடுப்பான்.

ஐம்பத்தொரு வயது ஆகிறது. அதில் முப்பத்தெட்டு வருஷம் கெய்ரோவின் ஹிராஃபிய்யீன் பேட்டையில் டிங்கரிங் வேலை. அதிலும் அவன் செய்வது தனி வகை. நெருப்பு காட்டமாட்டான், பட்டி பூசமாட்டான், பெயின்ட் அடிக்கமாட்டான். தகட்டின் பின்பக்கம் போய் வளைந்த கம்பிகளை வைத்து மயிரிழை மயிரிழையாக நெம்பி, மேலே உள்ள கம்பெனி பெயின்ட் விரிசல் விடாமல் ஒடுக்கை எடுப்பான். கார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு தையல் இல்லாமல் திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

அந்தத் தோள் வலிக்குப் பிறந்த தேதி உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்பு, வக்தியின் பன்றிக்குள் பதினேழு நாள் படுத்துக் கிடந்தபோது பிறந்தது.

எண்பதுகளில் வந்த அந்தப் பெரிய ஜெர்மன் காருக்கு இந்த ஊரில் பன்றி என்று பேர். பன்றிக்கறியைத் தொடாத தெருக்கள்தான். ஆனாலும் அந்த அகலமான பின்புறத்தைப் பார்த்து எவனோ ஆசையாகக் கூப்பிட்டது நிலைத்துவிட்டது. கல்யாண ஊர்வலத்துக்கு மாமனார்களே "ஒரு நல்ல பன்னி கிடைக்குமா?" என்று விசாரிப்பார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

வக்தி மருந்துக் கடை வைத்திருக்கிறான். மருந்துக் கடைக்காரர்களை இங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவது, கைத்தொழில்காரர்களை உஸ்தா என்று. அவனுக்கு மருந்தைவிட கார் பிடிக்கும், காரைவிட காரைப் பற்றி எழுதப் பிடிக்கும். அப்படி ஆரம்பித்ததுதான் ‘ஷக்மான்’ என்ற வலைத்தளம். சைலன்சர் குழாய்க்கு இந்த ஊர்ப் பேச்சில் அதுதான் சொல். எழுதுவது வக்தி. எது உண்மை, எது கதை என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது ஸின்ஹும். வாசகர்கள் கீழே எழுதும் கருத்துகளைக் கவனித்துக்கொள்வது இன்ஷிராஹ். அவள் பெண்கள் பள்ளியில் ஜியோமெட்ரி டீச்சர், நாற்பது வயதுப் பழைய இத்தாலிக் குட்டிக் கார் ஒன்றின் கார்புரேட்டரைத் தானே பிரித்துத் தானே பூட்டுகிறவள். மூவரும் வெள்ளிக்கிழமை மதியம் பய்யூமி கடையில் கூடுவது வழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை கடைக்கு முன்னால் வக்தியின் பன்றி கழுவி நின்றது. நாலு மணிக்கு ஒருவர் வாங்க வருகிறார். வக்தி அரைமணிக்குள் மூன்று டீ குடித்துவிட்டிருந்தான்.

விஷயம் செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்துவிட்டது. ‘கெய்ரோவின் கடைசிச் சுத்தமான பன்றி’ என்று வக்தி ஒரு கட்டுரை போட்டான். நாலு படங்கள். ‘ஒரு டாக்டர் மட்டுமே ஓட்டியது. உள்ளும் புறமும் கம்பெனி பெயின்ட். பிறந்தபடியே இருக்கிறது’ என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர். வண்டி யாருடையது என்று எழுதவில்லை. பிறந்தபடியே இல்லை என்பதையும் எழுதவில்லை. இரண்டாவது விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று வக்தி நம்பிக்கொண்டிருந்தான்.

வண்டி முதலில் தந்தாவில் இருக்கும் வக்தியின் மாமனாருடையது. "ஒரு கீறல் இல்லாமக் கொடுக்கிறேன்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்த மனிதர். கொடுத்த ஆறாம் மாதம், அதே மாமனார் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, அதே வீட்டு வாசலில், வக்தி வண்டியைப் பின்னால் எடுத்து பேரீச்சை மரத்தில் விட்டான். வலது பின்பக்கம் சோற்றுத்தட்டு மாதிரி குழிந்துவிட்டது. ஸின்ஹும் பதினேழு நாள் டிக்கிக்குள் படுத்து அதை எடுத்துக் கொடுத்தான். யாரிடமும் சொல்வதில்லை என்று தன் வலது கையின் மேல் சத்தியமும் செய்து கொடுத்தான். அவன் வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த வேலை அது. அதைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது.

இப்போது மூன்றாவது கார் எதற்கு என்று வக்தியின் மனைவி கேட்டுவிட்டாள். விற்க மாமனாரும் சம்மதித்தார். "கீறல் இல்லாமக் கொடுத்தேன், கீறல் இல்லாம விக்கணும்" என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். அவர் ஷக்மானைத் தினமும் காலையில் பத்திரிகை மாதிரி படிக்கிறவர்.

வியாழக்கிழமை இன்ஷிராஹ் ஒரு நல்ல காரியம் செய்தாள். கருத்துப் பகுதியில் நாளுக்கு நாள் வசவு கூடிக்கொண்டே போனதால், அறுபத்து மூன்று கெட்ட வார்த்தைகளைப் பட்டியல் போட்டு ஒரு வடிகட்டி வைத்தாள். அந்த வார்த்தை உள்ள கருத்து தானாக மறைந்துபோகும். பட்டியலில் முதல் வார்த்தை பன்றி.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், வக்தியின் கட்டுரைக்கு வந்த இருநூற்றுச் சொச்சம் பாராட்டுகளும் காணாமல் போயிருந்தன. ‘அழகான பன்றி’, ‘பன்றிகளின் ராணி’, ‘என் அப்பாவும் ஒரு பன்றி வைத்திருந்தார், அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும்’ எல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு கருத்து மட்டும் தனியாக நின்றது. எழுதியவர் பேர் ‘பேசாத பிஸ்டன்’. ஷக்மானில் அவரைவிட நீளமாக எழுதுகிறவர் கிடையாது. ஒரு கெட்ட வார்த்தையும் போடாமல் ஆளைக் குளிப்பாட்டி உட்கார வைத்துவிடுவார்.

இன்ஷிராஹ் போனை மேசையில் வைத்து வாசித்தாள்.

"‘மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு. மூன்றாவது படத்தைப் பார்த்தேன். இடது பின்பக்கத்தில் தெரியும் விளக்குக் கம்பத்தின் பிம்பம் வளைந்திருக்கிறது. தகடு அலைபாய்கிறது என்று அதற்கு அர்த்தம். யாரோ தட்டியிருக்கிறார். அந்தக் கைக்கு இறைவன் சுகம் கொடுக்கட்டும், கழுதைகளுக்கு லாடம் அடிப்பதில் நல்ல எதிர்காலம் உண்டு. இவரைப் பெற்ற தாயார் அன்றைக்கு வேறு ஏதாவது செய்திருக்கலாம். ஒரு பாய் முடைந்திருந்தாலும் வீட்டுக்கு ஆகியிருக்கும்.’"

ஸின்ஹும் கிளாஸைக் கீழே வைத்தான். காலையிலிருந்து அதை ஏழு தரம் படித்திருந்தான். எட்டாவது தரம் அடுத்தவர் வாயால் கேட்கும்போது பாய் இன்னும் நீளமாக இருந்தது.

"எடுத்துடுங்க டீச்சர்," என்றான் வக்தி. "நாலு மணிக்கு ஆள் வர்றார். அந்த ஒண்ணு மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிக்குது."

"எந்த விதிப்படி எடுக்கிறது? அறுபத்து மூணு வார்த்தையில ஒண்ணுகூட இதுல இல்ல. மரியாதைக்குரியன்னுதான் ஆரம்பிக்கிறார்."

"தாயை இழுத்திருக்கான்!"

"பாய் முடையறது கெட்ட வார்த்தையா டாக்டர்?"

"நல்லா இருக்கு உங்க வலை. பாவம், பாராட்டு எழுதின இருநூறு பேர் மாட்டினாங்க. இந்தப் பாம்பு மட்டும் நழுவிடுச்சு."

"வடிகட்டியை அப்புறம் பாக்கலாம். முதல்ல இதைச் சொல்லுங்க, கட்டுரையில வண்டி உங்களுதுன்னு ஏன் எழுதல?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எனக்குத் தெரியும், உஸ்தாவுக்குத் தெரியும், டீ போடற பய்யூமிக்குத் தெரியும். படிக்கிறவங்களுக்குத் தெரியாதே."

"எழுதினா விளம்பரம்னு சொல்வாங்க டீச்சர்."

"விளம்பரம்தானே?"

வக்தி நாலாவது டீக்குக் கையைக் காட்டினான்.

"சரி," என்றாள் இன்ஷிராஹ். வகுப்பில் சாக்பீஸை எடுக்கும்போது வரும் குரல் வந்துவிட்டது. "என் விதி ஒண்ணுதான். உண்மைன்னா, எவ்வளவு முள்ளா இருந்தாலும் நிக்கட்டும். பொய்ன்னா, பன்னீர் தெளிச்சு எழுதியிருந்தாலும் போகட்டும். உஸ்தா, நீங்க சொல்லுங்க. உங்க கண்ணைத்தான் நம்பறேன். இடது பக்கம் தட்டியிருக்கா?"

வக்தி ஸின்ஹுமைப் பார்த்தான். ஸின்ஹும் தன் வலது கையைப் பார்த்தான்.

"இடது பக்கம் எவன் கையும் படல," என்றான். அது சத்தியமான வார்த்தை.

"அப்போ பொய். எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க!" என்று ஸின்ஹும் மேசையைத் தட்டினான். தட்டியது வலது கை. தோளிலிருந்து கண் வரைக்கும் ஒரு மின்னல் போனது. "எடுத்தா ஓடிட்டான்னு நினைப்பான். அவனுக்குப் பதில் எழுதணும். கழுதைக்கு லாடமாம். இந்தக் கைக்கு—"

வக்தி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தான்.

"எந்தக் கைக்கு?" என்றாள் இன்ஷிராஹ்.

"பொதுவா... தொழில் செய்யற கைக்கு."

"உஸ்தா, நீங்க எதுக்குக் கொதிக்கிறீங்க? அவர் திட்டினது இடது பக்கம் தட்டினவரை. இடது பக்கத்தை யாருமே தட்டலைன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்படி ஒரு ஆளே இல்ல. இல்லாத ஆளுக்கு அம்மா எங்கேர்ந்து வந்தாங்க?"

ஸின்ஹுமுக்குப் பதில் தொண்டை வரைக்கும் வந்து, சத்தியத்தில் இடித்துக்கொண்டு திரும்பியது. உலகத்தில் அந்த வண்டியின் மேல் கம்பி வைத்தவன் ஒருவன்தான். எந்தப் பக்கம் என்று தெரியாமல் கல்லெறிந்தாலும் கல் வந்து விழுந்தது அவன் வீட்டு முற்றத்தில்தான்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அம்மா. நபவிய்யா கட்டட வேலையில் தலையில் செங்கல் சுமந்து நாலு பிள்ளைகளை வளர்த்தவள். ஏழு மாடி ஏணி ஏறியவள் என்பதால் எதையும் ஏழாவது மாடியிலிருந்து பேசுகிற மாதிரித்தான் பேசுவாள். போனைக் காதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஏன்டா! என்னைப் பத்தி எவனோ இன்டர்நெட்டுல எழுதியிருக்கானாமே?"

"யாரு சொன்னா?"

"பய்யூமி பொண்டாட்டி வாசிச்சுக் காட்டுனா. உன்னப் பெத்த அன்னிக்கு நான் பாய் முடைஞ்சிருக்கணுமாமே? உன்னப் பெத்த அன்னிக்கு காலையில நான் நூத்தியிருபது செங்கல் ஏத்தினேன்டா! அவன் ஆத்தா என்ன ஏத்தினாளாம்?"

"அம்மா, அது உன்னைச் சொல்லல."

"பின்ன யாரை? அந்த வண்டிக்குள்ள நீதானே பதினேழு நாள்—"

ஸின்ஹும் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். வக்திக்கு இருமல் வந்தது. அது நிற்பதாக இல்லை. இன்ஷிராஹ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுப்பாடத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்திருந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அப்புறம் பேசறேம்மா."

"பேசு. ஆனா அவன் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லாமப் போனான்னா, உனக்குத் தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறது இத்தோட சரி."

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர் வந்தார். அந்த வெயிலில் கோட்டு, டை. பேர் கத்ரி. ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கோடு நேராகப் போகிறதா என்று பார்த்த உடம்பு. இப்போதும் எதைப் பார்த்தாலும் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

வக்தி நாற்காலி போட்டான். பய்யூமி டீ கொண்டுவந்து வைத்தார். கத்ரி ஒரு வாய் குடித்தார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த டீயைப் போட்டவருக்கு இறைவன் சுகம் கொடுக்கட்டும்," என்றார் அமைதியாக. "அந்த நேரத்துல வேற ஏதாவது செஞ்சிருக்கலாம். ஒரு ஜன்னலைத் துடைச்சிருந்தாலும் கடைக்கு ஆகியிருக்கும்."

இன்ஷிராஹின் விரல் போன் திரையில் நின்ற இடத்திலேயே நின்றது.

"பேசாத பிஸ்டன்?" என்றாள் மெதுவாக.

கத்ரி கொஞ்சமும் கூச்சப்படாமல் டையைச் சரிசெய்துகொண்டார். "வாசகர்தான். ஆரம்பத்திலேர்ந்து படிக்கிறேன்."

"வாங்க வர்ற வண்டியையே திட்டி எழுதுவீங்களா?" வக்திக்குக் குரல் கீச்சென்று வந்தது. "விலையைக் குறைக்கத்தானே?"

"டாக்டர் ஐயா, ஒளிவுமறைவா வந்து குறை சொல்றதைவிட முன்னாடியே ஊர் பார்க்கச் சொல்லிட்டு வர்றது நேர்மை. எழுதினவரே சொந்த வண்டியைத்தான் எழுதியிருக்கார்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு வரி சேர்த்திருப்பேன். நாற்காலி போட்ட பதட்டத்துலேயே தெரிஞ்சுபோச்சு."

"இதைத்தான் நானும் சொன்னேன்," என்றாள் இன்ஷிராஹ். வக்தி அவளைப் பார்த்த பார்வைக்கு வடிகட்டியில் வார்த்தை இல்லை.

ஸின்ஹும் அந்தக் கோட்டின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்து உலுக்கினால் எத்தனை பாய் விழும் என்று பார்க்கிற மாதிரி.

எல்லோரும் வண்டிக்குப் போனார்கள். கத்ரி பையிலிருந்து பெயின்ட் கனம் பார்க்கும் சின்னக் கருவியை எடுத்தார். நேராக இடது பின்பக்கத்துக்குப் போய் வைத்தார். எண்ணைப் பார்த்தார். இரண்டு விரல் தள்ளி வைத்தார். மறுபடி பார்த்தார்.

"கம்பெனி கனம் காட்டுது," என்றார் எரிச்சலோடு. காந்தத்தை வைத்தார், ஒட்டிக்கொண்டது. விரல் மூட்டால் தட்டிப் பார்த்தார், சுத்தமான சத்தம். "இருக்க முடியாது." கோட்டு வால் தரையில் புரள உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடினார். "பாருங்க! நீங்களே பாருங்க! கம்பத்தோட பிம்பம் எப்படி வளையுது!"

இன்ஷிராஹும் குனிந்து பார்த்தாள். பிம்பம் வளைந்துதான் இருந்தது, வாழைப்பழம் மாதிரி. அவள் நிமிர்ந்து, திரும்பி, தெருவின் எதிர்ப்பக்கம் நின்ற விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள்.

"சார்," என்றாள். "கம்பம்தான் வளைஞ்சிருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். போன ரமளானில் நோன்பு திறக்க அவசரமாகப் போன ஒரு மினிபஸ் மோதி வளைந்த கம்பம். வளைந்த நாளிலிருந்து அதன் கீழே நின்றுதான் எல்லோரும் கார் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். பார்த்துப் பார்த்து அது நேராகவே தெரியத் தொடங்கிவிட்டது.

பய்யூமி கடை வாசலிலிருந்து சிரித்தார். டீக்கு வட்டியும் முதலும் வசூலான சிரிப்பு.

கத்ரி எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. ஆனால் தப்பு செய்தவன் முகம் இல்லை, கணக்கை முதலிலிருந்து போடுகிறவன் முகம். "சரி. இடது பக்கம் சுத்தம். ஒப்புக்கறேன்." வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார்.

வக்தியின் கை ஸின்ஹுமின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

கத்ரி வலது பின்பக்கத்தில் கருவியை வைத்தார். கம்பெனி கனம். காந்தம் வைத்தார். தட்டினார், காதை வைத்துக் கேட்டார். பிறகு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி, கடைக்கு மேல் வீட்டு பால்கனிக் கம்பிகளின் பிம்பத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தண்டவாளத்தைப் பார்த்த அதே கண். பால்கனிக் கம்பிகள் ஒன்றுக்கொன்று முட்டாமல், ஒரு மயிரிழை நெளியாமல், வண்டியின் கடைசி வளைவு வரைக்கும் ஓடின.

"சுப்ஹானல்லாஹ்," என்றார். குரலே மாறியிருந்தது. "இதுதான் தகடு. இதைத்தான் நான் தேடி வந்தது. இதைப் பார்த்துக் கத்துக்கணும் இந்தப் பேட்டைக்காரங்க எல்லாம்."

ஸின்ஹும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அந்தப் பக்கத்தைவிட இது நேரா இருக்கு. கவனிச்சீங்களா? அந்தப் பக்கம் நல்லா இருக்கு, இல்லைங்கல. ஆனா இது..." அவர் உள்ளங்கையால் தடவினார். "இப்படி ஒரு வேலை ஜெர்மன் மிஷினாலதான் முடியும்."

வக்தியின் பிடி இறுகியது. "வாங்க சார், உள்ள உக்காந்து விலை—"

"நம்ம ஊர்க் கை நூறு வருஷம் தட்டினாலும் இந்தக் கோடு வராது," என்றார் கத்ரி. "மிஷின் வேற, கை வேற."

ஸின்ஹுமின் தோளில் ஸ்க்ரூ டிரைவர் ஒரு முழுச் சுற்று சுற்றியது. பதினேழு நாள் அந்த இருட்டு டிக்கிக்குள், வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, ஜெர்மன் மிஷின் ஒன்றும் படுத்துக் கிடக்கவில்லை.

"மிஷினா?" என்று கத்தினான். "எந்த மிஷின்யா? அது என் கை! இந்தக் கை! பேரீச்சை மரத்துல விட்டுக் குழி விழுந்த தகட்டை நான் எடுத்தேன்!"

வக்தி பிடித்திருந்த சட்டையை விட்டான். பிறகு நடைபாதை விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"நம்ப மாட்டேன்," என்றார் கத்ரி.

ஸின்ஹும் டிக்கியைத் திறந்தான். விரிப்பைப் பிய்த்து எடுத்தான், உள் அட்டையைக் கழற்றினான். கத்ரி தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தார். தகட்டின் பின்பக்கத்தில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கம்பித் தடங்கள், கோதுமை மணிகள் மாதிரி வரிசை வரிசையாக. ஒரு மூலையில் கிண்ணமும் அதன் மேல் ஒரு புள்ளியுமாக, ஆணியால் கீறிய அரபி நூன் எழுத்து.

"இது என்ன?"

"எங்க அம்மா பேரோட முதல் எழுத்து. மனசுக்குப் பிடிச்ச வேலையில மட்டும் போடுவேன். நபவிய்யா. நீங்க பாய் முடையச் சொன்னீங்களே, அவங்க."

கத்ரி டிக்கிக்குள்ளிருந்து வெளியே வர நேரமாயிற்று. வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"டாக்டர்," என்றார் நடைபாதையைப் பார்த்து. "வண்டி எனக்கு வேண்டாம். அடிபட்ட வண்டியை நான் வாங்கறதில்ல, எவ்வளவு நல்லா எடுத்திருந்தாலும் சரி." பிறகு ஸின்ஹும் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "உஸ்தா, என் வீட்டு வண்டியில முன் மட்கார்டுல ஒரு ஒடுக்கு. நாலு பேர்கிட்டக் காட்டினேன், நாலு பேரும் பட்டிச் சட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஞாயித்துக்கிழமை கொண்டு வரட்டுமா?"

"கொண்டு வாங்க. அதுக்கு முன்னாடி எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க." ஸின்ஹும் போனை நீட்டினான்.

கத்ரி போனை வாங்கவில்லை. "எதுக்கு?"

"எதுக்கா? மன்னிப்புக் கேக்க!"

"உஸ்தா, நான் எழுதினதைத் திரும்பப் படிங்க. இடது பக்கம் தட்டினவரோட தாயாரைப் பத்தி எழுதினேன். இடது பக்கத்தை யாரும் தட்டல. அப்படி ஒருத்தர் பிறக்கவே இல்ல. பிறக்காதவரோட தாயார்கிட்ட நான் என்னன்னு மன்னிப்புக் கேக்கறது?"

ஸின்ஹும் இன்ஷிராஹைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நிரூபணம் சரிதான் உஸ்தா," என்றாள் கடைசியில். "நானே மதியம் போட்டுக் கொடுத்தது. அதான் வயிறு எரியுது."

"தாயைத் திட்டறதுக்கு இடது வலது உண்டா டீச்சர்?"

"ஜியோமெட்ரியில உண்டு. வீட்டுல கிடையாது."

அவள் அங்கேயே நின்று, வக்தியின் கையில் போனைக் கொடுத்து, கட்டுரையின் தலையில் மூன்று வரி எழுத வைத்தாள். வண்டி எழுதியவருடையது. வலது பின்பக்கம் அடிபட்டு, கையால் எடுக்கப்பட்டது. முதலில் சொல்லாததற்கு வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரிக்கு வக்தி எட்டு நிமிஷம் எடுத்துக்கொண்டான். பிறகு அவள் வடிகட்டியிலிருந்து பன்றியை எடுத்துவிட்டாள். மறைந்திருந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் ஒரேயடியாகத் திரும்பி வந்து ஆசையைக் கொட்டினார்கள்.

அதற்கு மேலே, கத்ரி அங்கேயே நின்றுகொண்டு தட்டிய திருத்தமும் வந்தது. ‘மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு. இடது பக்கம் அலைபாய்கிறது என்று எழுதியது தவறு. வளைந்திருப்பது மாநகராட்சியின் கம்பம். அதை நட்டவரும், மோதியவரும், இத்தனை நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களும் வேறு ஏதாவது செய்திருக்கலாம். வலது பக்கம் தட்டியவரின் கைக்கு என் வணக்கம்.’ கை வரைக்கும் வந்திருந்தார். கையைப் பெற்றவள் வரைக்கும் வரவில்லை.

வக்தியின் போன் அடித்தது. திரையைப் பார்த்தான். தந்தாவிலிருந்து மாமனார்.

"எடுங்க டாக்டர்," என்றான் ஸின்ஹும். "இன்னிக்கு எல்லாரும் எடுக்கிறோம்."

"உங்க வலது கை மேல சத்தியம் பண்ணீங்களே உஸ்தா."

"அதான் மதியத்திலேர்ந்து வலிக்குது," என்றான் ஸின்ஹும்.

வக்தி போனோடு வளைந்த கம்பம் வரைக்கும் நடந்தான். அங்கிருந்து "மாமா... மாமா... மரம் நகரல மாமா, நான்தான்..." என்பது மட்டும் கேட்டது.

சாயங்காலம் ஸின்ஹும் வீட்டுக்குப் போனபோது நபவிய்யா எண்ணெய்க் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடியைத் திறக்கவில்லை.

"வந்தானா அவன்?"

"வந்தார்மா. என் வேலையைப் பார்த்துட்டு ஜெர்மன் மிஷின்னு நினைச்சுட்டார்."

"அது இருக்கட்டும். பாய்க்கு என்ன சொன்னான்?"

ஸின்ஹும் கத்ரி என்று பேரைச் சொல்லி, அவர் நிரூபணத்தையும் சொன்னான். இடது பக்கம், வலது பக்கம், பிறக்காதவன், அவன் தாய் எல்லாம். டீச்சரும் சரி என்றாள் என்று சொன்னான். நபவிய்யா முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்துக் குப்பியை ஜன்னலுக்கு மேலே உள்ள பலகையில், அவன் வலது கையைத் தூக்கினால்தான் எட்டும் உயரத்தில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றான்ல? மட்கார்டை எடுத்துக் கொடு. நல்லா எடுத்துக் கொடு. கூலியை வாங்கிக்க. ஆனா சாவியைக் கொடுக்கிறப்போ சொல்லு."

"என்னன்னு?"

"கத்ரிங்கிறவன் நபவிய்யாங்கிறவளுக்கு ஒரு மன்னிப்பு பாக்கின்னு."